ஜீப்புக்கு எந்த நீலம்?

"நீலம் சரி. எந்த நீலம்?" என்று பெயிண்டர் அண்ணன் கேட்டார்.

நாங்கள் நாலு பேர் நின்றிருந்தோம். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீலக்கொடிக்குக் கீழேதான் வளர்ந்தோம். ஏப்ரல் 14 வந்தால் தெரு முழுக்க நீலத் தோரணம் கட்டுகிறோம். 1942இல் அண்ணல் தொடங்கிய பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் கொடி நீலம் என்று பயிற்சி வகுப்புகளில் மாணவர்களுக்குச் சொல்கிறோம். ஆனால் ஒரு பழைய ஜீப்பின் மட்கார்டுக்கு அடிக்க எந்த நீலம் என்று ஒருவர் கேட்டதும் வாய் அடைத்துப்போனது.

நடந்தது இதுதான். போன மழைக்காலத்தில் தென்னேரி ஏரிக்கரை ஓரமாக இரவில் வந்துகொண்டிருந்தோம். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று அது. நிரம்பினால் கரை ஓரத்து மண் களியாகிவிடும். அந்த நேரத்தில் அந்த வழியில் வண்டியை விட்டது எங்கள் தப்பு, வேறு யாரையும் சொல்ல முடியாது. வண்டி வழுக்கி ஒரு பனைமரத்தில் போய் உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. முன்பக்க இடது மட்கார்டு மட்டும் காகிதம் மாதிரி கசங்கிப்போனது. டிங்கரிங் செய்பவர் பார்த்துவிட்டு, "இத தட்டி எடுக்கிற கூலிக்கு வேற வாங்கிடலாம்" என்றார். சென்னை புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய மட்கார்டு வாங்கிவந்தோம். ராணுவ ஏலத்தில் வந்த வண்டியினுடையது என்று கடைக்காரர் சொன்னார். நிறத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. நல்ல ஆலிவ் பச்சை.

அதை அப்படியே மாட்டிக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினோம். கையில் காசில்லை. 'நிறம்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற அலட்சியமும் இருந்தது. (மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121இன்படி பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. பழைய ஜீப் வாங்கி ராணுவப் பச்சை அடித்து போட்டோ போடுகிற தம்பிகள் கவனிக்கவும்.)

அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் சாயங்காலம், ஊர் பெயர் வேண்டாம், ஒரு காலனிக்குப் போனோம். வழக்கமாக வண்டிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஓடிவந்து பின்னால் தொற்றிக்கொள்வார்கள். அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. இரண்டு வீட்டில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஒரு பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கமாக வேகவேகமாக நடந்தார். கிட்டே போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் நின்றார். "நீங்களா? நான் அவங்கன்னு நெனச்சேம்பா" என்றார். அதற்கு முந்தின வாரம் நிலத் தகராறு ஒன்றில் அந்தக் காலனிப் பையன்கள் இரண்டு பேரைத் தேடிப் போலீஸ் வந்திருக்கிறது. நாங்கள் வந்த பாதை இடதுபக்கம் வளைந்து ஏறும். மங்கிய வெளிச்சத்தில் அவர்கள் கண்ணில் முதலில் பட்டது எங்கள் வண்டியின் இடது முகம். அது பச்சை.

இந்த ஜீப் ஏன் நீலமானது என்பதை அன்றைக்கு மறுபடி நினைத்துக்கொண்டோம்.

மகிந்திராவின் எம்.எம். 540 இது. 1985இல் அறிமுகமான மாடல். பூஷோ டீசல் இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் இழுவை. முதலில் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் வெள்ளை நிறத்தில் ஓடியது. ஏலத்தில் போய், இரண்டு கை மாறி, எங்களுக்கு மூத்த தலைமுறைத் தோழர் ஒருவரிடம் வந்தது. நாங்கள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் இப்போது உயிரோடு இல்லை.

அண்ணன் பஞ்சமி நிலப் போராட்டத்தில் உருவானவர். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையும், அடுத்த ஆண்டு சென்னை மாகாண அரசு போட்ட ஆணையும் அவருக்கு மனப்பாடம். காரணையில் பஞ்சமி நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலையை அகற்றியதை எதிர்த்து, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். அந்தக் கூட்டத்தில் தானும் இருந்ததாக அண்ணன் சொல்வார். அதைப் பற்றி அதற்கு மேல் பேச மாட்டார்.

ஜீப் வந்த புதிதில், வெள்ளை நிறத்திலேயே நாலைந்து கிராமங்களுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். எல்லா இடத்திலும் இதே கதைதான். இன்றைய மாணவர்களுக்கு இது புரியாமல் போகலாம். அந்தக் காலத்தில் சேரிக்குள் கார் வராது, லாரி வராது. வருகிற ஒரே நாலு சக்கர வண்டி ஜீப். அதில் போலீஸ் வரும், தாசில்தார் வருவார், கள்ளச் சாராய ரெய்டு வரும். எங்களில் பாதிப்பேருக்கு முதல் ஞாபகமே ஜீப் சத்தம் கேட்டு அம்மா இடுப்பில் ஓடியதுதான். வயக்காட்டில், கரும்புத் தோட்டத்தில் இரவு முழுக்கப் படுத்திருந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனாமல் டப்பாக்களை வாங்கி, நீலத்தையும் வெள்ளையையும் ஒரு பக்கெட்டில் ஊற்றிக் குச்சியால் கலக்கி, பிரஷ்ஷாலேயே வண்டி முழுக்க அடித்துவிட்டார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யிலும் நிறத்தை மாற்றிக்கொண்டார். அதில் "நீலம்" என்று மட்டும்தான் இருக்கிறது. எந்த நீலம் என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

மக்கள் ஓடாமல் இருக்க அடித்த நிறம் அது. கட்சிக்காகவோ அழகுக்காகவோ அடித்ததில்லை. நாங்கள் இதை எத்தனையோ கூட்டத்தில் கதையாகச் சொல்லியிருக்கிறோம். சொல்லிவிட்டு, பச்சை மட்கார்டை மாட்டிக்கொண்டு அதே காலனிக்குப் போனோம்.

சரி, பெயிண்ட் அடித்துவிடலாம் என்று முதலில் நகரத்தில் ஒரு பட்டறைக்குப் போனோம். அந்தப் பட்டறைக்காரர் நல்ல மனிதர், காபி வாங்கிக் கொடுத்தார். வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மொத்தமா வெள்ளை அடிச்சிடுங்க சார். எதுக்கு வம்பு? செக்போஸ்ட்ல நிறுத்த மாட்டான், நாளைக்கு வித்தாலும் வெல போகும்" என்றார். நாங்கள் வேண்டாம் என்றோம். "உங்க ஆளுங்க நீலத்த விட மாட்டீங்களே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் ஆள்கள் யார் என்று நாங்கள் அவரிடம் சொல்லவேயில்லை. வண்டி சொல்லியிருக்கிறது. காபி டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

அடுத்தது கம்ப்யூட்டரில் நிறம் கலந்து கொடுக்கிற கடை. புதிய கார் என்றால் கம்பெனி போட்ட நிறக் குறியீட்டு எண் இருக்கும், அதைச் சொன்னால் போதும். பக்கெட்டில் கலந்த நிறத்துக்கு ஏது எண்? வண்டியின் பேட்டரி மூடியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கருவி அதன் மேல் வெளிச்சம் போட்டுப் படித்து ஒரு கலவைக் கணக்கு சொன்னது. கால் லிட்டர் கலந்தார்கள். கடையின் டியூப்லைட்டில் அச்சு அசலாக இருந்தது. வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்தால் கத்தரிப்பூ நிறம் தட்டியது.

ஏன் என்று அப்போது புரியவில்லை. எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலை ஒன்றின் பெயிண்ட் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. அவன்தான் விளக்கினான். ஒரே நிறத்தை வேறு வேறு நிறமிகளைக் கலந்து கொண்டுவரலாம். ஒரு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், வேறு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். தொழிற்சாலையில் இரண்டு நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் எண்ணாகச் சொல்வார்களாம். ஒன்றுக்குக் கீழே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பது கணக்கு. "அங்க ரோபோ அடிக்குது, மீட்டர் பாக்குது. நாங்க தூசி தொடைக்கிறோம்" என்றான். நம் ஊரைச் சுற்றி இத்தனை கார் கம்பெனி. லட்சம் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற இடத்தில் நிற்கிற பையனுக்கு ஒரு ஸ்ப்ரே கன்னைப் பிடிக்கிற வேலை கிடைப்பதில்லை. இதைத் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

அந்தத் தம்பியே கூட்டிக்கொண்டு போனதுதான் வாலாஜாபாத் சாலையில் இருக்கும் இந்தப் பெயிண்டர் அண்ணனிடம். கொட்டகைக்கு வெளியே ஒரு பலகை. "இங்கு எல்லா வாகனங்களுக்கும் வர்ணம் பூசப்படும்." எங்களில் சமூகவியல் படித்தவர்கள் 'வர்ணம்' என்ற சொல்லோடு ஒரு பருவம் முழுக்க மல்லுக்கட்டியவர்கள். இங்கே அந்தச் சொல்லுக்குத் தின்னர் வாசம்.

அவர் எடுத்த எடுப்பில் ஈரத்துணியால் பானெட்டைத் துடைத்தார். சாம்பல் பூத்த நீலம் சட்டென்று ஆழமாக மாறியது. காய்ந்ததும் பழையபடி சாம்பல். "பாருங்க, கலரு எங்கயும் போவல. மேல சுண்ணாம்பு மாதிரி பூத்திருக்கு. அவ்ளோதான்" என்றார். பல வருட வெயிலில் எனாமலின் பிசின் மக்கித் தூளாகிவிடுகிறது, நீல நிறமி அநேகமாக அப்படியே இருக்கிறது. மழையில் எங்கள் ஜீப் ஏன் புதிது மாதிரி தெரிகிறது என்று இத்தனை வருடம் ஆச்சரியப்பட்டதுண்டு. அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

பிறகு ஸ்டெப்னியைக் கழற்றச் சொன்னார். பின்னால் வெயிலே படாத வட்டத்தில் வேறொரு நீலம் இருந்தது. அடர்த்தியாக, கொடியில் இருப்பது போல. நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் அதே நிறம். அண்ணன் பக்கெட்டில் கலந்தது அதுதான். பிரஷ் முடி ஒன்றுகூட அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. எந்த நீலம்? ஸ்டெப்னிக்குப் பின்னால் இருப்பதா, பானெட் மேல் இருப்பதா?

அன்றிரவு எங்களுக்குள் நல்ல சண்டை. கல்லூரி மாணவர்கள் அண்ணனின் நீலத்தையே, அதுவும் வண்டி முழுக்க, அடிக்க வேண்டும் என்றார்கள். வெளுத்துப்போன நிறத்தை யாராவது தேடிப்பிடித்து அடிப்பார்களா, நம் நிறத்தை நாமே மங்கலாக்குவதா என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்விதான். முழு வண்டிக்கு அடிக்கக் காசில்லை என்பது எளிய பதில், ஆனால் அது மட்டும் பதில் இல்லை. பதினைந்து வருடமாகச் சனங்கள் பார்த்துவருவது இந்த வெளுத்த நீலத்தை. அண்ணன் நினைவுக்காக ஆழ்ந்த நீலத்தை மட்கார்டில் மட்டும் அடித்தால், தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வண்டி மறுபடியும் இரண்டு நிறம்தான்.

பேச்சு ஒரு கட்டத்தில் அண்ணல் 1929இல் சாலிஸ்கானில் விழுந்த கதைக்குப் போனது. எங்கள் கூட்டங்களில் எதைப் பேசினாலும் யாராவது அங்கே போய்விடுவார்கள். தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்ட டாங்காக்காரர்கள் மறுத்தார்கள். கடைசியில் டாங்காவை மட்டும் வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவரே ஓட்டினார். பாலத்தில் வண்டி மோதி, அண்ணல் தூக்கியெறியப்பட்டு, கால் முறிந்தது. இதைச் சொன்ன தோழர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்டோம். "நம்ம வண்டிய நாமளே ஒழுங்கா ஓட்டக் கத்துக்கணும்னு சொல்றேன்" என்று, அன்றைக்குப் பனைமரத்தில் கொண்டுபோய் விட்டவரைப் பார்த்தார். சண்டை அதோடு முடிந்தது.

முடிவைச் சொன்னவர் பெயிண்டர் அண்ணன்தான். மட்கார்டைப் பழைய நிறத்துக்கு இறக்கவும் வேண்டாம், வண்டியைப் புது நிறத்துக்கு ஏற்றவும் வேண்டாம். முதலில் பானெட்டையும் கதவையும் 2000ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, பூத்திருக்கிற தூளை எடுத்துவிடலாம். அதன் பிறகு தெரிகிற நீலம் எதுவோ அதற்கு மட்கார்டை ஒப்பிட்டுக் கலக்கலாம். தேய்க்கிற வேலையை நாங்களே எடுத்துக்கொண்டோம். ஆர்வத்தில் ஒரு தம்பி பானெட் விளிம்பில் அதிகம் தேய்த்துவிட்டான். நீலம் போய் அடியில் வெள்ளை எட்டிப்பார்த்தது. பெயிண்டர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "போதும் தம்பி. இன்னும் தேச்சா கவர்மென்ட்டு வெளிய வந்துரும்."

எந்த வகைப் பெயிண்ட் என்பதிலும் அவர் ஒன்று சொன்னார். இப்போதெல்லாம் எல்லோரும் ஹார்ட்னர் கலந்து அடிக்கிற பி.யூ. பெயிண்ட்டைத்தான் கேட்கிறார்கள். நாங்களும் அதைத்தான் கேட்டோம். அவர் மறுத்துவிட்டார். பக்கத்துப் பாகங்களில் பழைய எனாமல் இருக்கிறது. பி.யூ.வின் தின்னர் அதில் பட்டால் சுருட்டிக்கொண்டு எழும்பும். அதைவிட முக்கியம், பி.யூ. சீக்கிரம் வெளுக்காது. ஐந்து வருடம் கழித்து வண்டி முழுக்க வெளுத்திருக்கும், இந்த மட்கார்டு மட்டும் பளபளவென்று தனியாக நிற்கும். "இதுவும் எனாமலே இருக்கட்டும். எல்லாம் சேந்து வயசாகட்டும்" என்றார்.

பச்சையை மொத்தமாகச் சுரண்டி எடுத்து, ரெட் ஆக்சைடு அடித்து, பள்ளங்களுக்குப் பட்டி வைத்துத் தேய்த்து, சாம்பல் நிற ப்ரைமர் அடித்தார். பிறகு தகரத் துண்டுகளில் நிறம் பார்க்க ஆரம்பித்தார். மூன்று நாள் இதே வேலை. எனாமல் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் கொஞ்சம் அடர்த்தி. அதனால் இரவு முழுக்கக் காயவைத்து மறுநாள்தான் பார்க்க முடியும். முதல் துண்டில் பச்சை தட்டியது. ஊதா ஒரு துளி விட்டார். இரண்டாவதில் நிறம் சரி, ஆனால் பிள்ளைகள் பொம்மை மாதிரி பளிச்சென்று இருந்தது. வெள்ளையும் கருப்பும் சேர்த்தார். அப்போதும் அடங்கவில்லை. "காவி ஒரு சொட்டு வேணும்" என்றார்.

"நீலத்துல காவியா?" என்று அந்த மாணவி பதறிவிட்டார்.

பெயிண்டர் அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. செங்காவி நீலத்துக்கு எதிர்நிறம். ஒரு சொட்டு விட்டால் கூச்சல் குறையும், அவ்வளவுதான். "ரெண்டு சொட்டு உட்டாத்தான் பிரச்சினை" என்றார். அந்த மாணவி கடைசிவரை சொட்டுகளை எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

நிறம் பார்ப்பதெல்லாம் கொட்டகைக்கு வெளியேதான். காலை பத்து மணிக்கு ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. துண்டைக் கதவின் மேல் வைத்துவிட்டு இருபதடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்ப்பார். காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களும் முறுக்கை வாசலுக்குக் கொண்டுவந்துதான் பார்ப்பார்கள் என்று சொன்னார். வேலை நடுவே பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, சுற்றுவட்டாரத்தில் நாலைந்து அம்பேத்கர் சிலைகளுக்குக் கோட்டு அடித்தவரும் அவர்தான். இரும்புக் கூண்டுக்குள் கையை விட்டு அடிக்க வேண்டியிருப்பதால் முதுகுப்பக்கம் எப்போதும் சரியாக வராது என்று குறைபட்டுக்கொண்டார். அந்தக் கோட்டுக்கு எந்த நீலம் என்று கேட்டோம். "அதுக்கு டப்பா நீலம்தான். புதுசா நிக்கணும்ல. இது ஓடுற வண்டி."

நாலாம் நாள் ஸ்ப்ரே. மூன்று மெல்லிய பூச்சு. தூசி ஒட்டாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கம்ப்ரசரைப் போட்டார். இரண்டு நாள் கழித்து வண்டியை எடுத்தோம். உச்சி வெயிலில் வித்தியாசம் தெரியவில்லை. சாயங்கால வெளிச்சத்தில், தெரிந்தவர் உற்றுப் பார்த்தால், மட்கார்டு ஒரு பொட்டு அடர்த்தி. "ஒரு கோடை போனா சரியாய்டும்" என்றார் பெயிண்டர் அண்ணன். கூலியில் பாதிதான் அப்போது கொடுக்க முடிந்தது. மீதியை மாசி மாதம் கொடுத்தோம்.

முதலில் அந்தக் காலனிக்குத்தான் போனோம், அதே வளைவு வழியாக, அதே நேரத்தில். பிள்ளைகள் வளைவுக்கே ஓடிவந்துவிட்டார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஆயா ஒருவர் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாப்பா, வண்டிய குளிப்பாட்டுனீங்களா?" மட்கார்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மிச்சம் வந்த பெயிண்ட்டை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, சீட்டுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருக்கிறோம். ஆர்.சி. புத்தக உறைக்குள் ஒரு தாள். அதில் அந்த மாணவியின் கையெழுத்தில் பங்குக் கணக்கு: நீலம், வெள்ளை, கருப்பு, ஊதா. கடைசி வரியில் "காவி: ஒரே ஒரு சொட்டு" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறார்.